நெல் வயலுக்குப் பக்கத்தில் செயற்கைப் புல்தரை: விரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சாலையோரமாக நிலம் வைத்திருக்கும் விவசாயிகளை நாடிச் சில ஆண்டுகளாக ஒரு புதுவகைக் குத்தகைதாரர் வருகிறார். மனைப்பிரிவு போடவோ, கல்யாண மண்டபம் கட்டவோ அவர் வரவில்லை. பதினைந்து, இருபது குழி நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு விட்டுக் கொடுத்தால் போதும். அதில் பச்சை நிறச் செயற்கைப் புல்லை விரித்து, சுற்றிலும் வலை கட்டி, உயர்ந்த கம்பங்களில் விளக்குப் போட்டு, கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆட வருகிற இளைஞர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதே அவருடைய திட்டம். ‘டர்ஃப்’ என்ற சொல் இப்போது கிராமத்துப் பிள்ளைகள் வாயிலும் சாதாரணமாகப் புழங்குகிறது.

இதை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. ஆட இடமில்லாமல் சாலையோரத்தில் பந்து அடிக்கும் பிள்ளைகளுக்கு வெளிச்சமும் வேலியும் உள்ள திடல் ஒரு வரமே. ஆனால் நெல் விளைந்த மண்ணில் இத்தரையை அமைப்பது, சிமெண்டுத் தரையில் பாய் விரிப்பது போன்ற வேலை அன்று. அடியில் ஜல்லி போகிறது. மேல் மண் வெளியே போகிறது. பக்கத்து வயலின் வடிகாலும் பயிரும் பாதிக்கப்படலாம். எனவே நிலம் கொடுப்பவர், திடல் அமைப்பவர், வீட்டு முற்றத்தில் சிறு அளவில் விரிக்க நினைப்பவர் ஆகிய மூவருமே சில தொழில்நுட்ப விவரங்களைத் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

வெளிச்சம் இல்லாமல் செத்த புல்

செயற்கைப் புல் பிறந்த கதை பயிர்த் தொழில் செய்வோருக்குச் சுவையானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965ல் கூரை வேய்ந்த ஒரு பெரிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. கூரையில் ஒளி புகும் பலகைகளைப் பொருத்தி, உள்ளே இயற்கைப் புல்லையே வளர்த்தார்கள். வெயில் கூசுவதால் உயரே வரும் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் முறையிட, பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். ஒளி குறைந்தது, புல் செத்தது. மறு ஆண்டு, 1966ல், மான்சாண்டோ நிறுவனம் நைலான் இழையில் தயாரித்த புல் அங்கே விரிக்கப்பட்டது. அரங்கத்தின் பெயரை ஒட்டி அதற்கு ஆஸ்ட்ரோ டர்ஃப் என்று பெயர் வந்தது. ஆக, ஒளி கிடைக்காத இடத்துக்கென்று வந்த பொருள் இது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெயில் கொட்டும் நம் ஊரில் அதை விரிக்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இந்தியருக்கு இப்பொருள் கசப்போடு அறிமுகமாயிற்று. 1975ல் கோலாலம்பூரில், இயற்கைப் புல்லில், உலகக் கோப்பை ஹாக்கியை வென்ற நம் அணி, மறு ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஆடி ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. இன்று பெரிய ஹாக்கிப் போட்டிகள் எல்லாம் இத்தரையில்தான் நடக்கின்றன. கோவில்பட்டியிலும் செயற்கைப் புல்தரை ஹாக்கி அரங்கம் இருக்கிறது. சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் 2023ல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றதும் இவ்வகைத் தரையில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் விரித்த ஹாக்கித் தரையின் இழைக்கு மூலப்பொருள் பெரும்பாலும் கரும்பிலிருந்து பெறப்பட்டது என்பதைக் கரும்பு பயிரிட்ட பாகூர் விவசாயிகள் கேட்டால் வியப்படைவார்கள்.

எந்த ஆட்டத்துக்கு எந்தப் புல்

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே புல் பொருந்தாது. ஹாக்கிக்கு 11 முதல் 13 மி.மீ. உயரமுள்ள, நெருக்கமான, மணல் நிரப்பாத தரை வேண்டும்; ஆட்டத்துக்கு முன் அதை நீரால் நனைக்க வேண்டும். கால்பந்துக்கு 40 முதல் 60 மி.மீ. உயர இழையும், இடையில் மணலும் ரப்பர் துகளும் நிரப்பிய தரையும் வேண்டும். நம் பகுதியில் வாடகைக்கு விடும் திடல்களில் கால்பந்து, கிரிக்கெட் இரண்டும் ஆடுவதால் 40 முதல் 50 மி.மீ. உயரமே போதுமானது. இதைவிட நீண்ட இழை பார்க்க அழகாக இருக்கும். சில மாதங்களில் மடங்கிப் படுத்துவிடும்.

விலைப்பட்டியலில் ‘டிடெக்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும். 10,000 மீட்டர் நீள இழை எத்தனை கிராம் எடையிருக்கும் என்பதே அது. எண் கூடினால் இழை கனமானது என்று பொருள். ஆனால் இந்த ஒரு எண்ணைக் காட்டி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கனமான இழையை அகல அகலமாகத் தைத்துவிட்டால் பயனில்லை. ஒரு சதுர மீட்டரில் அடித்துணியை நீக்கி இழை மட்டும் எத்தனை கிராம் என்று கேட்க வேண்டும். ஒரு சதுர அடி மாதிரித் துண்டை வாங்கித் தராசில் போட்டுப் பார்ப்பதும், ஒரு கற்றை இழையைப் பிடித்து இழுத்து அடித்துணியிலிருந்து எளிதில் பிடுங்கிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பதும், இரவு முழுதும் கனமான கல்லை அதன்மேல் வைத்துக் காலையில் இழை நிமிர்கிறதா என்று பார்ப்பதும் எவரும் செய்யக்கூடிய சோதனைகள். மாதிரிக்குக் காட்டிய துண்டைக் கையொப்பமிட்டு வைத்துக்கொண்டு, இறங்கும் சரக்கோடு ஒப்பிட வேண்டும்.

இழை பாலிஎத்திலீனாக இருந்தால் மென்மையாகவும் நம் வெயிலுக்கு ஓரளவு தாங்குவதாகவும் இருக்கும். பாலிப்ரொப்பிலீன் மலிவு, சொரசொரப்பு அதிகம், விழுந்தால் தோல் உரியும், சீக்கிரம் நொறுங்கும். புற ஊதாக் கதிருக்கு எதிரான உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதில் தேய்மானம் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பத்து ஆண்டு உழைக்கும் என்று சொல்லப்படும் தரை, நாள்தோறும் பல மணி நேரம் வாடகைக்கு ஓடும்போது அதற்கு வெகு முன்பே கோல் முகப்பில் வழுக்கையாகிவிடுவது இயல்பு.

நிரப்பும் மணல் உருண்டையான, கழுவிய சிலிக்கா மணலாக இருக்க வேண்டும். கிட்டத்தில் கிடைக்கிறதென்று கடற்கரை மணலைக் கொட்டினால் உப்பு வரும். எம்-சாண்ட் கூர்முனை கொண்டது, இழையை அறுக்கும். ரப்பர் துகள் பெரும்பாலும் பழைய டயரை அரைத்துச் செய்வது. இதைப் பற்றிச் சற்றுத் தனியாகச் சொல்ல வேண்டும்.

800 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் சுமார் 15 குழித் திடலுக்கு, சதுர மீட்டருக்கு 6 கிலோ என்று வைத்தாலும் ஏறக்குறைய 5 டன் ரப்பர் துகள் போகிறது. அது அங்கேயே இருப்பதில்லை. காலணியில் ஒட்டியும், காற்றிலும், மழைநீரிலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். டயர் ரப்பரில் உள்ள துத்தநாகம் மெல்ல மெல்ல நீரில் கசியும். ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய நுண் பிளாஸ்டிக் துகள்களைக் கட்டுப்படுத்த 2023ல் சட்டம் இயற்றி, விளையாட்டுத் தரையில் நிரப்பும் துகள்களின் விற்பனையை நிறுத்த 2031 அக்டோபர் வரை காலக்கெடு வைத்திருக்கிறது. பாசன வாய்க்காலை ஒட்டித் திடல் அமைப்பவர் ரப்பரைத் தவிர்ப்பதே முறை. மணல் மட்டும் நிரப்பும் வகை உண்டு. தக்கை, தென்னை நார்க் கழிவு இவற்றை நிரப்பும் வகையும் உண்டு. இவை வெப்பத்தையும் குறைக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மிதந்து ஓரம் ஒதுங்கும், பாசி பிடிக்கும். ரப்பர்தான் வேண்டுமென்றால் திடலைச் சுற்றி அரை அடி உயர விளிம்புச் சுவரும், தண்ணீர் வெளியேறும் இடத்தில் துகளைத் தடுக்கும் சல்லடைத் தொட்டியும் கட்டாயம் வேண்டும்.

களிமண்ணும் செம்மண்ணும்

திடலின் ஆயுள் மேலே தெரியும் புல்லில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில் இருக்கிறது. சேதராப்பட்டு, துத்திப்பட்டு பக்கத்து மேட்டுப் பாங்கான நிலத்தில் தண்ணீர் கீழே இறங்கும். அங்கு வேலை எளிது. பாகூர் ஏரியின் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாகச் சேறு கலக்கி நெல் நட்ட வயல் அப்படியன்று. கோடையில் வெடிக்கும், மழையில் பொங்கும். மேலும், நடவுக்காகச் சேறு கலக்கிக் கலக்கி, உழவு ஆழத்துக்குக் கீழே தண்ணீர் இறங்காத இறுகிய அடுக்கு ஒன்று உருவாகியிருக்கும். நெல்லுக்கு அது நன்மை. திடலுக்கு அதுவே பகை. மேலே விழும் மழைநீர் ஜல்லி வழியாக இறங்கி அந்த அடுக்கில் தேங்கி நிற்கும். புல்தரை மெத்தை மாதிரி மிதக்கும்.

ஆகையால் களிமண் நிலத்தில் 15 செ.மீ. ஜல்லி போதாது, 25 முதல் 30 செ.மீ. வேண்டும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் களிமண் ஜல்லிக்குள் ஏறி, வடிகால் அடைத்துவிடும். அடியில் துளையிட்ட குழாய் பதித்து, தரைக்கு 100 அடிக்கு ஓர் அடி சரிவு கொடுத்து, நீரைக் கொண்டுபோய் விடும் இடத்தையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். புல் விரிக்கும் முன் அடித்தளத்தின் பல இடங்களில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே வேலை முடியவில்லை என்று பொருள்.

கோரையையும் மறந்துவிடக் கூடாது. நெல் வயலில் கிடக்கும் கோரைக் கிழங்கு உயிரோடு இருந்தால் அதன் கூரிய முளை துணியையும் அடிப்பாயையும் துளைத்துக்கொண்டு வந்துவிடும். சித்திரையில் ஆழக் கோடை உழவு செய்து கிழங்கை வெயிலில் காயவிட்டுப் பொறுக்கி, ஒரு மழைக்கு மறுபடி முளைப்பதையும் அழித்த பிறகே ஜல்லி கொட்ட வேண்டும். இந்த வேலையை விவசாயி அறிவார். ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் அறியார்.

நீர் போகும் வழி பற்றிய கவனம் நம் இரு கொம்யூன்களில் இரட்டிப்பாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரு நாளில் தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. நிலத்தை இரண்டடி மேடாக்கி, சுற்றிச் சுவர் எழுப்பி, குறுக்கே போகும் கன்னி வாய்க்காலைத் தூர்த்துத் திடல் அமைத்தால், அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் பக்கத்து வயலில்தான் நிற்கும். வாய்க்காலைத் தொடாமல், வேண்டிய இடத்தில் குழாய்ப் பாலம் வைத்து, மேல் வயல்காரர், கீழ் வயல்காரர் இருவரையும் கலந்துகொண்டு செய்வதே நல்லது. வண்டல் படிந்த தரையை மண்வாரி இயந்திரம் கொண்டு சுரண்டக் கூடாது. ஈரம் காயும் முன்பே ரப்பர் விளிம்பு வைத்த துடுப்பால் தள்ளி, குறைந்த அழுத்த நீரால் கழுவி, மேல் நிரப்பை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். காய்ந்துவிட்ட வண்டலை எடுப்பது பெரும்பாடு.

விளக்கு வெளிச்சமும் நெற்பயிரும்

திடல்காரர்கள் யோசித்துப் பார்த்திராத, ஆனால் விவசாயிகளுக்கு மிக முக்கியமான செய்தி இது. வாடகைத் திடல்களில் ஆட்டம் பெரும்பாலும் மாலைக்கு மேல்தான். நள்ளிரவு வரை விளக்கு எரிவதுண்டு. நெல் இயல்பாகவே குறுகிய பகல், நீண்ட இரவு வந்தால் பூக்கும் பயிர். சம்பாப் பட்டத்தில் நடும் நீண்ட காலப் பாரம்பரிய ரகங்கள் பலவற்றில் இவ்வுணர்வு வலுவாக உண்டு. கதிர் உருவாகும் பருவத்தில் இரவின் இருட்டு வெளிச்சத்தால் கலைந்தால், பயிர் இரவு இன்னும் நீளவில்லை என்றே கணக்கிட்டுக்கொள்கிறது. கதிர் தள்ளிப்போகிறது. தெருவிளக்குக் கம்பத்துக்குக் கீழே மட்டும் வட்டமாகப் பயிர் பச்சையாக நிற்க, மற்ற வயல் முழுதும் முற்றியிருப்பதைப் பல விவசாயிகள் பார்த்திருப்பார்கள். காரணம் இதுவே. திடலின் விளக்கு தெருவிளக்கைக் காட்டிலும் பல மடங்கு வலியது. சொர்ணவாரி, நவரைப் பட்டங்களில் நடும் குறுகிய கால ரகங்கள் பெரும்பாலும் இவ்வகையில் பாதிக்கப்படுவதில்லை.

ஆனால் பூச்சி எல்லாப் பட்டத்திலும் வரும். புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சி யாவும் விளக்கைத் தேடி வருபவை. அதனால்தான் வேளாண் துறையினர் விளக்குப் பொறி வைக்கச் சொல்லுகிறார்கள். பொறியில் வந்த பூச்சி சாகிறது. திடல் விளக்குக்கு வந்த பூச்சி சாவதில்லை; அருகில் உள்ள பயிரில் இறங்கி முட்டையிடுகிறது. எனவே திடலை ஒட்டிய வயல்காரர்கள் வரப்பை ஒட்டிய பகுதியில் தூரைப் பிரித்துப் பார்த்து, வாரம் இருமுறை பூச்சி எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். தழைச்சத்தை அங்கே கூட்டி இடக் கூடாது.

இதைத் தவிர்க்க வழியில்லாமல் இல்லை. விளக்கைத் திடலுக்குள்ளே கீழ்நோக்கிச் சாய்த்து, பின்புறம் தகடு மறைப்பு வைத்து, வெள்ளை நீல ஒளிக்குப் பதில் மஞ்சள் கலந்த ஒளியைப் பயன்படுத்தி, இரவு 10 மணிக்கு அணைத்துவிட்டால் இரு தொல்லையும் பெரிதும் குறையும். ஊசுட்டேரிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் பறவைகளுக்காகவும் இக்கட்டுப்பாடு தேவை.

வெயில்

இயற்கைப் புல் தன் இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் அதைச் செய்யாது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002ல் அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்த நாளில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 93 டிகிரி வரை ஏறியது. தண்ணீர் தெளித்தால் உடனே தணிகிறது. ஆனால் 20 நிமிடத்துக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்புகிறது. நம் அக்கினி நட்சத்திரத்தில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை இத்தரையில் பிள்ளைகளை ஆடவிடக் கூடாது. புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் ஆட்டத்தை ஒத்திவைக்க வேண்டும். பள்ளி நேரம் பகல்தான் என்பதால், பள்ளி மைதானத்துக்கு இது ஏற்ற தரையே அன்று.

பராமரிப்பு என்றால் ஒன்றுமே வேண்டாம் என்பது விற்பவர் சொல்லும் பேச்சு. வாரம் ஒருமுறை இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக நைலான் பிரஷ் போட வேண்டும். கோல் முகப்பிலும் பந்து வீசும் இடத்திலும் நிரப்பு குறைந்தால் அன்றே கொட்டிச் சமன் செய்ய வேண்டும். வேப்பிலை, தென்னை மட்டைத் துணுக்கு மக்கிவிட்டால் அதிலேயே களை முளைக்கும். எனவே அவ்வப்போது பெருக்க வேண்டும். மார்கழி ஈரத்தில் பாசி பிடித்து வழுக்கும். இணைப்புத் தையல் ஓரிடத்தில் வாய் பிளந்தால் உடனே ஒட்டிவிட வேண்டும். கால் சிக்கி முழங்கால் முறிவது அங்கேதான். வெற்றிலைச் சாறும், தீபாவளிப் பட்டாசும், பீடித் துண்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் சாமர்த்தியம்.

வீட்டு முற்றமும் நாயும்

வீட்டுக்கு 25 முதல் 35 மி.மீ. உயரம் போதும். மொட்டை மாடியில் விரிப்பவர்கள் நீர் வடியும் துளையை மூடிவிடாமல், அடியில் புடைப்புள்ள வடிகால் விரிப்புப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒழுக்கு வந்த பிறகே தெரியும். கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயில் இழையை உருக்கிவிடுவதும் உண்டு. தோட்டத்தில் தென்னை, மா இருந்தால் மரத்தடி வரை விரிக்கவே கூடாது. தென்னைக்கு 6 அடி ஆரத்துக்குப் பாத்தி திறந்திருக்க வேண்டும். உரமும் நீரும் போகும் வழி அது.

நாய் வளர்ப்போர் 25 மி.மீ. அளவில் குட்டையான புல்லையும், துளைகள் நெருக்கமான அடித்துணியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ரப்பர் துகள் அறவே கூடாது; மணலுக்குப் பதில் சியோலைட் என்னும் கனிமத் துகள் போட்டால் சிறுநீரின் அம்மோனியா நெடியை ஓரளவு இழுத்துக்கொள்ளும். மலத்தை உடனே எடுத்து, சிறுநீர் பட்ட இடத்தை அன்றாடம் நீர் விட்டு அலச வேண்டும். நெடி மிகுந்தால் வினிகரை நீரில் கலந்து தெளித்துக் கழுவலாம். பார்வோ நோய் வந்த நாய் இருந்த தரைக்கு ஒரு பங்கு திரவ பிளீச்சிங்குக்கு 30 பங்கு நீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்கு அலச வேண்டும். ஆனால் வினிகர் தெளித்த இடத்திலோ, சிறுநீர் கழுவாத இடத்திலோ பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் நச்சுவாயு கிளம்பும். முதலில் வெறும் தண்ணீரால் கழுவிவிட்டே ஊற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தரை எலிக் காய்ச்சலுக்கு இடம் தரும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி தவறக் கூடாது. குட்டிகள் விளிம்பைக் கடித்து இழையை விழுங்கினால் குடல் அடைபடும். விளிம்பை மரச்சட்டத்துக்கு அடியில் மறைத்து ஆணியடிப்பது எளிய வழி. வெயிலில் நாயின் பாதம் சுட்டுப் புண்ணாவதைப் பலர் நொண்டிய பிறகே கவனிக்கிறார்கள்.

அருகு இருக்கும்போது

வெட்டவெளியும் கொஞ்சம் தண்ணீரும் உள்ள வீட்டுக்கு அருகம்புல்லை மிஞ்சிய புல் இல்லை. பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகின் இனத்தில் வந்த ஒட்டு ரகங்களே உலகின் பல விளையாட்டு அரங்குகளில் இருக்கின்றன. ரஞ்சிப் போட்டிகள் நடக்கும் துத்திப்பட்டுக் கிரிக்கெட் திடலும் இயற்கைப் புல்தரைதான். கடலோரப் பாகூர் ஊர்களில் கிணற்று நீர் சற்று உப்பாக இருந்தாலும் அருகு தாங்கும். பாசன நீரின் உப்பால் மண் கரைசலின் மின்கடத்துதிறன் 6 டெசிசீமன் அளவுக்கு ஏறினாலும் அதன் வளர்ச்சி பெரிதாகக் குன்றாது. நிழல்தான் அதற்கு ஆகாது. நிழல் உள்ள முற்றத்துக்கு எருமைப்புல் ஏற்றது. கொரியன் புல் மெத்தென்று இருக்கும், பரவ நாளாகும்.

நிலத்தை ஓரடி கொத்தி, கல்லும் கோரையும் நீக்கி, சதுர மீட்டருக்கு 5 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து, ஒருமுறை நீர் விட்டு முளைக்கும் களையை அழித்துச் சமன் செய்ய வேண்டும். வேர் கொண்ட அருகுத் துண்டுகளை 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றி, காலும் மாலையும் பூவாளியால் நீர் தெளித்து வந்தால் இரண்டு மாதத்தில் மூடிக்கொள்ளும். 15 குழித் திடலுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 4,000 லிட்டர் நீர் வேண்டும் என்பது உண்மை. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் ஆடினால் அருகு தாங்காது என்பதும் உண்மை. வாடகைத் திடல்காரர் செயற்கைப் புல்லை நாடுவது அதனால்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர் இளைஞர் மன்றம், பள்ளி, வீடு ஆகியவற்றுக்கு அருகே சிக்கனம். மண், நீர்ப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

குத்தகைப் பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்

நிலம் விடுவதென்றே தீர்மானித்தவர்கள் பத்திரத்தை எழுதும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 800 சதுர மீட்டரில் 20 செ.மீ. ஆழத்துக்கு ஜல்லி பரப்பினால் அது 160 கன மீட்டர், ஏறக்குறைய 250 டன். களிமண்ணில் 30 செ.மீ. போட்டால் இன்னும் பாதி கூடும். குத்தகை முடிந்ததும் குத்தகைதாரர் வலையையும் விளக்கையும் கழற்றிக்கொண்டு போவார். கிழிந்த பிளாஸ்டிக் பாயும், இந்த 250 டன் ஜல்லியும் யார் தலையில் விழும் என்பதே கேள்வி. பாயை எரிக்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது.

ஆகையால், எடுக்கும் மேல் மண் அரை அடியை விற்கவோ செங்கல் சூளைக்கு அனுப்பவோ இடம் தராமல், நிலத்தின் ஒரு மூலையில் குவித்து, அதன்மேல் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து வைக்கச் சொல்லிப் பத்திரத்தில் எழுத வேண்டும். ஒரு வயலின் வளமெல்லாம் அந்த அரை அடியில்தான் இருக்கிறது. முடிவில் ஜல்லி, துணி, பாய், ரப்பர் அனைத்தையும் அகற்றி மேல் மண்ணைப் பரப்பித் தரும் பொறுப்பு குத்தகைதாரருக்கு என்றும், அச்செலவுக்கு ஈடான தொகை முன்வைப்பாக நிலக்காரரிடம் இருக்கும் என்றும் குறிக்க வேண்டும். நிலப்பயன் மாற்றத்துக்கும் கட்டுமானத்துக்கும் உரிய அனுமதியை, கொம்யூன் பஞ்சாயத்திலும் நகர, கிராம அமைப்புத் துறையிலும் குத்தகைதாரர் தம் செலவில் முன்கூட்டியே பெற வேண்டும். விவசாய மின் இணைப்பிலிருந்து திடலுக்கு ஒரு விளக்குக்கூட இழுக்கக் கூடாது. விளக்கு அணைக்கும் நேரம், வாய்க்கால் பராமரிப்பு, ரப்பர் துகள் இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

திடல் வேலை தொடங்கும் முன் நிலத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் அரை அடி ஆழத்தில் மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, பரிசோதனைக்குக் கொடுத்து, அந்த அறிக்கையைப் பத்திரத்தோடு இணைத்து வைக்க வேண்டும். நிலம் திரும்பக் கைக்கு வரும் நாளில் மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.